நான்கு பரீத் தூரம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நெடுஞ்சாலை வழியே செல்வோர், சாலையோரங்களில் நினைவுக்கற்கள் பலவற்றைக் காண்பர். போர்க்களங்களையும் குடியேற்றப் பாதைகளையும் குறிப்பவை அவற்றுள் மிகுதி. அவற்றிடையே சற்றே வேறுபட்ட கற்களும் உண்டு. முன்னொரு காலத்தில் குதிரைமீது கடிதப்பை சுமந்து விரைந்தோரின் வழித்தடத்தில், பல்லாண்டுகள் கழித்து அவ்வாறே கடிதப்பை சுமந்து மீண்டும் ஓடியவர்களை நினைவுகூரும் கற்கள் அவை. முதலில் ஓடியவர்க்குக் கல் நடுதல் இயல்பு; நடுகல் மரபு கண்ட தமிழர்க்கு அது புதிதன்று. அவர்களைப் போல ஓடிக்காட்டியவர்க்கும் கல் எழுப்புவதோ நம்மைச் சற்று நின்று சிந்திக்க வைக்கிறது.

அந்த அஞ்சலின் பெயர் போனி எக்ஸ்பிரஸ். 1860 ஏப்ரல் 3 அன்று தொடங்கிய அது, மிசௌரி மாநிலத்துச் செயின்ட் ஜோசப் நகரிலிருந்து கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ வரை ஏறத்தாழ 1,900 மைல் தூரத்தைப் பத்து நாள்களில் கடந்தது. ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடெல் என்னும் மூன்று வணிகர்கள் கூடி அதனை நடத்தினர். தொடக்கத்தில் அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதத்திற்கு ஐந்து டாலர் கட்டணம். சாமானியர் நெருங்க முடியாத விலை. 1861 அக்டோபர் 24 அன்று கண்டத்தின் இரு கரைகளையும் தந்திக் கம்பி இணைத்தது. அதன்பின் குதிரைக்கு வேலையில்லை. பதினெட்டே மாதங்கள் நடந்து, நடத்தியவர்களுக்கு நட்டத்தை விட்டுச்சென்று, அந்த அஞ்சல் மறைந்தது.

இவ்வளவு குறுகிய காலமே நிலவிய ஒன்றை அம்மக்கள் இன்றும் விடாமல் பற்றியிருக்கின்றனர். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், பழைய வழித்தடத்தைத் தழுவி, எட்டு மாநிலங்களினூடே இரவும் பகலும் நில்லாது ஓர் அஞ்சலோட்டம் நடைபெறுகிறது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்கின்றனர். ஒவ்வொருவரும் சில மைல்கள் மட்டுமே ஓடி, தோற்பையை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்வர். பையில் இருப்பவை மெய்யான கடிதங்கள். பத்து நாள்களில் அவை மறுமுனையை அடைந்து, அங்கிருந்து வழக்கமான அஞ்சல்வழி உரியவர்களைச் சென்றடைகின்றன.

இந்த அமைப்பு இயங்கிய முறையில் ஒரு நுட்பம் நம் கருத்தைக் கவர்கிறது. நிலையத்திற்கு நிலையம் பத்து முதல் பதினைந்து மைல் இடைவெளி. விரைந்தோடும் குதிரை களைப்படையாமல் கடக்கக்கூடிய தூரம் அதுதான். அங்கே புதிய குதிரை சேணமிட்டு ஆயத்தமாக நிற்கும். வந்தவர் சேணத்தின்மீது விரித்திருக்கும் தோற்பையை எடுத்து அடுத்த குதிரைமீது போட்டு, இரண்டு நிமிடங்களுக்குள் புறப்பட்டுவிடுவார். எழுபத்தைந்து அல்லது நூறு மைலுக்கு ஒருமுறை ஆளும் மாறுவார். ஆளும் குதிரையும் மாறிக்கொண்டேயிருக்க, பை மட்டும் நில்லாது போய்க்கொண்டிருக்கும்.

பத்து முதல் பதினைந்து மைல் என்னும் அந்த இடைவெளியைக் கேட்டதும், ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியவர்க்கு ஒரு சொல் நினைவுக்கு வரவேண்டும். அதுதான் பரீத்.

பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழும் கஸ்ர் சலுகை நாம் அனைவரும் அறிந்ததே. எவ்வளவு தூரம் சென்றால் அச்சலுகை என்னும் வினாவிற்கு, இப்னு உமர் (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகிய இருவரும் நான்கு பரீத் தூரப் பயணத்தில் கஸ்ர் செய்து வந்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு பரீத் என்பது நான்கு ஃபர்ஸக். ஒரு ஃபர்ஸக் மூன்று மைல். ஆக, ஒரு பரீத் பன்னிரண்டு மைல். நான்கு பரீத் 48 மைல். நம் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் சிறுவயதில் ஓதிப் படிக்கும் கணக்கு இதுவே. ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணம் என்பதே அடிப்படை அளவு. ஆயினும் நம் நாட்டு ஹனஃபி ஆலிம்கள் பலர் அதனையும் 48 மைல் என்றே மதிப்பிட்டனர். மைலின் நீளம் குறித்த வேறுபாட்டால் கிலோமீட்டரில் சொல்லும்போது கணக்கு சற்று மாறும். 48 என்னும் எண் மட்டும் பெரும்பாலோர் நாவில் நிலைத்துவிட்டது.

பரீத் என்பது அஞ்சலைக் குறிக்கும் சொல். அஞ்சல் சுமக்கும் விலங்கு, அதில் ஏறிச் செல்லும் தூதர், ஒரு நிலையத்திற்கும் மறு நிலையத்திற்கும் இடைப்பட்ட தூரம் ஆகிய அனைத்தையும் அரபுமொழி அந்த ஒரே சொல்லால் வழங்கியது. இச்சொல்லின் வேர் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாரசீகத்தில் அஞ்சற் கோவேறு கழுதைகளின் வாலை அடையாளத்திற்காகக் கத்தரித்துவிடுவர் என்றும், ‘வால் வெட்டப்பட்டது’ எனப் பொருள்படும் தொடரே குறுகிப் பரீத் ஆயிற்று என்றும் பழைய அகராதியாசிரியர் சிலர் எழுதினர். இலத்தீன் மொழியில் அஞ்சற் குதிரையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். வால் வெட்டிய கதை கேட்கச் சுவையாக இருப்பதாலேயே அதன்மீது நமக்கு ஐயம் எழுகிறது. எவ்வாறாயினும், பிரயாணத்தில் இரண்டு ரக்அத்துடன் ஸலாம் கொடுக்கும் ஒருவர் அஞ்சற் குதிரையின் ஓட்டத்தைக்கொண்டு தம் தூரத்தை அளந்திருக்கிறார். மத்ரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போது எண்ணை மட்டும் மனப்பாடம் செய்விக்காமல், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு குதிரை நிற்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இரண்டு நிமிடம் போதும்.

பரீத் என்னும் இச்சொல் நபி (ஸல்) அவர்களின் திருவாயிலிருந்தே வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்குமுன், குறைஷியரால் தூதராக நபி (ஸல்) அவர்களிடம் அனுப்பப்பட்டார். அண்ணலாரின் முகத்தைக் கண்ட மாத்திரத்தில் அவர் உள்ளத்தில் இஸ்லாம் புகுந்துவிட்டது. ‘இனி நான் அவர்களிடம் திரும்பிச் செல்லமாட்டேன்’ என்று கூறினார். எந்தத் தலைவரும் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். எதிரியின் தூதரே தம் பக்கம் வந்துவிட்டார். அதுவும் எவ்வித வற்புறுத்தலுமின்றி. ஆயின் நபி (ஸல்) அவர்கள் அவரை ஏற்று நிறுத்திக்கொள்ளவில்லை. தாம் உடன்படிக்கையை முறிப்பவரல்லர் என்றும், தூதர்களைத் தடுத்து வைப்பவரல்லர் என்றும் கூறினார்கள். அங்கே ‘தூதர்கள்’ என்பதற்கு அவர்கள் பயன்படுத்திய சொல் ‘புருத்’. பரீத் என்பதன் பன்மை அது. திரும்பிச் செல்லும்படியும், இப்போது உள்ளத்தில் இருப்பது அங்கே சென்ற பின்னும் நிலைத்திருக்குமாயின் மீண்டு வரும்படியும் பணித்தார்கள். அவர் சென்றார், பின்னர் மீண்டு வந்து இஸ்லாத்தைத் தழுவினார். அபூதாவூதில் இந்த அறிவிப்பு இடம்பெற்றுள்ளது.

ஈமான் கொள்ள விழைந்து நிற்கும் ஒருவரை அந்நிலையிலேயே திருப்பி அனுப்புதல் சிறு செயலன்று. ஆயினும் அவர் கையில் ஒரு பொறுப்பு இருந்தது. அனுப்பியவர்கள் இணைவைப்போரே, அண்ணலாரோடு போரிட்டவர்களே. இருப்பினும் அவர்களுக்குரிய மறுமொழி அவர்களைச் சேர்ந்தாக வேண்டும். செய்தியைச் சுமப்பவர் தம் கடமையை முடித்த பின்னரே தம் விருப்பத்தை நிறைவேற்றலாம் என்பது இங்கே நிலைநாட்டப்பட்டது. அமானிதம் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் பணத்திற்கும் நகைக்கும் நிலத்துப் பத்திரத்திற்குமே வழங்குகிறோம். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் சொல்லும் அமானிதமே.

கடிதம் சுமந்தோரின் பெயர்களையும் நம் முன்னோர் பேணிக் காத்தனர். ரோமப் பேரரசர் ஹிரக்லியஸுக்குச் சென்ற கடிதத்தைத் தாங்கியவர் திஹ்யா அல்கல்பீ (ரலி). அவர் அதனைப் புஸ்ராவின் ஆளுநரிடம் சேர்ப்பிக்க, ஆளுநர் பேரரசரிடம் சேர்ப்பித்தார். பாரசீக மன்னன் கிஸ்ராவுக்கான கடிதத்தை அப்துல்லாஹ் இப்னு ஹுதாஃபா (ரலி) பஹ்ரைன் ஆளுநரிடம் சேர்ப்பித்தார். அங்கிருந்து அது மன்னனை அடைந்தது. அவன் அதைக் கிழித்தெறிந்தான். முத்திரையில்லாத கடிதத்தை ரோமர் படிப்பதில்லை என்று கூறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து முத்திரையிட்ட செய்தியும் புகாரியில் உள்ளது. பெறுபவரின் வழக்கத்தை அறிந்து அனுப்ப வேண்டும் என்னும் நுண்ணறிவு அதில் விளங்குகிறது.

அல்ஹாரிஸ் இப்னு உமைர் அல்அஸ்தீ (ரலி) அவர்களின் பெயர் நம்மில் பலரும் கேட்டறியாதது. புஸ்ராவின் ஆட்சியாளருக்குரிய கடிதத்துடன் சென்ற அவரை, வழியில் முஃதா பகுதியில் ஷுரஹ்பீல் இப்னு அம்ர் அல்கஸ்ஸானீ என்பவன் பிடித்துக் கட்டிக் கொன்றான் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நபி (ஸல்) அவர்களின் தூதர்களுள் கொல்லப்பட்டவர் அவர் ஒருவரே என்றும் அவர்கள் குறிப்பிடுவர். ஹிஜ்ரி 8-இல் மூவாயிரம் பேர் கொண்ட படை முஃதாவை நோக்கிப் புறப்பட்டதற்கு இக்கொலையே காரணமாயிற்று. அப்போரில் ஷஹீதான மூன்று தளபதிகளின் பெயர்களை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். அப்போருக்கு வித்திட்ட கடிதக்காரரின் பெயரும் அவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியதே.

உமய்யாக்களின் ஆட்சியில் பரீத் ஓர் அரசுத் துறையாக உருப்பெற்றது. அதனைத் தொடங்கிவைத்தவர் முஆவியா (ரலி) என்பது மரபு. கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் அதனைச் செம்மைப்படுத்தினார். அப்துல் மலிக் தம் சாலைகளில் மைல்கற்களையும் நட்டார். ஜெரூஸலம், டமாஸ்கஸ் சாலைகளில் நடப்பட்டவற்றுள் சில கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈலியாவிலிருந்து, அதாவது ஜெரூஸலத்திலிருந்து, எட்டு மைல் என அது கூறுகிறது. கோலான் மேட்டில் ஃபீக் என்னுமிடத்தில் கிடைத்த கற்கள் ஹிஜ்ரி 85-ஆம் ஆண்டினவை. இறைவனின் பெயரும் கலீஃபாவின் பெயரும் அக்கற்களில் உள்ளன. அச்சாலையில் கடிதம் சுமந்து ஓடியவர் எவருடைய பெயரும் இல்லை.

துறை வளர்ந்ததும் அதன் இயல்பும் மாறியது. அப்பாஸிய கலீஃபா அல்மன்ஸூர், தம் ஆட்சி நிலைக்க இன்றியமையாத நால்வருள் ஒருவராக அஞ்சல் தலைவரைக் குறிப்பிட்டார் என்று தபரீ எழுதுகிறார். நீதிபதியும் காவல் தலைவரும் வரி தண்டுவோரும் என்ன செய்கின்றனர் என்பதை உள்ளபடி எழுதியனுப்புவதே அவ்வஞ்சல் தலைவரின் பணி. அதாவது, கடிதம் சுமந்த கை உளவும் சுமந்தது. அதிகாரிகளின் அநீதியைத் தடுக்க அது உதவியிருக்கலாம். ஆயின் தூதர் என்னும் சொல்லுக்கு முன்னிருந்த தூய்மை இதனால் சற்று மங்கியதாகவே நாம் கருதுகிறோம். அத்துறையில் பணியாற்றிய இப்னு குர்தாத்பிஹ் எழுதிய வழிகள் பற்றிய நூல், நிலையங்களை ஒவ்வொன்றாகத் தூரத்துடன் அடுக்கிச் செல்கிறது. 930 நிலையங்கள் என்பது அவர் தரும் கணக்கு. இன்றைய புவியியல் ஆய்வாளர்க்கு அந்த அஞ்சற் பட்டியல் பெருஞ்செல்வம்.

இவற்றுக்கிடையே உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் தேன் நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவருக்குத் தேன் மீது விருப்பம் உண்டு. ஒருநாள் வீட்டில் தேன் பரிமாறப்பட்டது. எங்கிருந்து வந்தது எனக் கேட்டார். மனைவியார், அஞ்சல் விலங்கொன்றில் ஆளனுப்பிப் பணம் கொடுத்து வாங்கிவரச் செய்ததாகக் கூறினார். தேனுக்குரிய விலை அவர்களுடையதே, அதில் குற்றமில்லை. ஆயின் சுமந்து வந்தது பொதுச் சொத்தாகிய பரீத் விலங்கு. உடனே அத்தேனை விற்கச் செய்து, முதலை மட்டும் எடுத்துக்கொண்டு, மிகுந்ததைப் பொதுக் கருவூலத்தில் சேர்த்தார். அஞ்சல் விலங்கின் தீவனத்திற்கு அது ஈடு. அலுவலக வாகனத்தில் வீட்டுக்குக் காய்கறி வாங்கி வருவதைக் குற்றமென்று எண்ணாத காலத்தில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சி சங்கடம் தருவதே.

எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், ஐன் ஜாலூத் போரை அடுத்த ஆண்டுகளில் பரீதை மீண்டும் உயிர்ப்பித்தார். மங்கோலியர் மீண்டும் வருவரோ என்னும் அச்சம் அதற்குக் காரணம். கெய்ரோவிலிருந்து டமாஸ்கஸுக்கு நான்கு நாள்களில் செய்தி சென்றது. அஞ்சல் வீரர் மஞ்சள் பட்டுத் துணியில் கோத்த உலோகப் பட்டயத்தை அணிந்திருப்பார். அதன் ஒரு பக்கம் கலிமா பொறிக்கப்பட்டிருக்கும். அது சுல்தானுக்கான அஞ்சல். மக்கள் கடிதங்களுக்கு அதில் இடமில்லை. வணிகரும் ஹாஜிகளும் தம் கடிதங்களைக் கூட்டத்தோடு செல்லும் நம்பிக்கையானவரிடமே கொடுத்தனுப்பினர். 1400-ஐ ஒட்டித் தைமூரின் படையெடுப்பில் ஷாம் நாடு சிதைந்தபோது அவ்வமைப்பும் சிதைந்தது.

இந்தியாவிலும் இதன் தடங்கள் உள்ளன. 1333-இல் சிந்துவை அடைந்த இப்னு பதூதா, அங்கிருந்து தில்லிக்குச் செல்ல ஐம்பது நாள் ஆகுமென்றும், அஞ்சலோ ஐந்தே நாளில் செல்லுமென்றும் எழுதினார். குதிரை அஞ்சலைவிடக் கால்நடை அஞ்சல் விரைவானது என்பது அவர் தரும் வியப்பான செய்தி. மைலுக்கு மூன்று இடங்களில் ஓட்டக்காரர் இடைவரிந்து காத்திருப்பர். ஒரு கையில் கடிதம். மறுகையில் உச்சியில் செப்பு மணிகள் கட்டிய கோல். மணியோசை தொலைவில் கேட்டதுமே அடுத்தவர் ஆயத்தமாவார். மணிக்கோல் ஏந்திய அஞ்சலோட்டக்காரரைத் திருவிதாங்கூரின் பழைய அஞ்சல் வரலாற்றிலும் காணலாம். ஷேர்ஷா சூரி தம் நெடுஞ்சாலைகளில் 1,700 சத்திரங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் செய்திக்கென இரு குதிரைகளை நிறுத்தினார் என்று அப்பாஸ் கான் சர்வானி குறிக்கிறார். முகலாயர் காலத்துக் கோஸ் மினார்கள் என்னும் தூரக் கோபுரங்கள் ஹரியானா வயல்களில் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று தில்லி விலங்குக் காட்சிசாலையினுள் சிக்கிக்கொண்டுள்ளது. பார்வையாளர் அதைக் கடந்து புலியைக் காணச் செல்கின்றனர்.

இனி, அமெரிக்கச் சாலைக்கு மீள்வோம். போனி எக்ஸ்பிரஸ் நிறுவனத்தாருள் ஒருவரான அலெக்ஸாண்டர் மேஜர்ஸ் சமயப் பற்று மிக்கவர். தம் ஊழியர் இழிசொல் பேசுவதில்லை, மது அருந்துவதில்லை, தமக்குள் சண்டையிடுவதில்லை என்று உறுதிமொழி பெற்று, ஒவ்வொருவருக்கும் ஒரு வேதநூலையும் வழங்கினார். எல்லோரும் அவ்வுறுதியைக் காத்தனர் என்பதற்கில்லை. ஆயினும் பிறர் கடிதத்தைச் சுமப்பவருக்கு நாவடக்கமும் தெளிந்த அறிவும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்று மீண்டும் ஓடுவோரும் அவ்வுறுதிமொழியை ஏற்றே ஓடுகின்றனர். ‘அநாதைகளுக்கு முன்னுரிமை’ என அறிவித்த அக்கால விளம்பரமொன்று பரவலாகக் காட்டப்படுவதுண்டு. அது அக்காலத்ததே என்பதற்குச் சான்றில்லை. இஸ்னாத் கேட்டுப் பழகிய சமூகத்தார் நாம். கேட்கச் சுவையான செய்தியிடம்தான் முதலில் சான்று கேட்க வேண்டும் என்பதை நன்கறிவோம்.

அப்பாதையின் வரலாற்றில் கறையும் உண்டு. 1860 மே மாதத்தில் நெவாடாப் பகுதி நிலையமொன்றில் பையூட் பழங்குடிச் சிறுமியர் இருவரைப் பிடித்துவைத்த கொடுமையிலிருந்து ஒரு போர் மூண்டது. நிலையங்கள் எரிந்தன, இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன, அஞ்சலும் சில வாரங்கள் தடைப்பட்டது. யாருடைய நிலத்தின் வழியே அக்குதிரைகள் ஓடின என்பதைச் சாலையோரக் கல்லில் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். கல்லில் இடம் குறைவு என்பது உண்மை. எதற்கு இடம் கொடுப்பது என்பதை நட்டவர்களே தீர்மானித்தனர் என்பதும் உண்மை.

இவ்வளவுக்குப் பின்னும், மீண்டும் ஓடியவர்க்கு நட்ட கல்லை நாம் மதிக்கவே செய்கிறோம். பதினெட்டு மாத அஞ்சலைக் காக்க ஒரு மக்கள் ஆண்டுக்குப் பத்து நாள் தூக்கம் துறக்கின்றனர். நம் பரீதோ பல நூற்றாண்டுகள் ஓடியது. கெய்ரோவுக்கும் டமாஸ்கஸுக்கும் இடையே அக்குதிரைகள் சென்ற வழியை இன்று எல்லைக் கம்பிகள் குறுக்கிட்டு நிற்கின்றன. எனினும் அதன் அளவு தொலைந்துவிடவில்லை. ஊருக்குப் புறப்படும்போது ‘கஸ்ர் உண்டா?’ என்று பள்ளிவாசலில் இமாமிடம் கேட்பவருக்கு, எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டு அவர் சொல்லும் விடையில் அந்த நான்கு பரீத் இருக்கிறது. ஜூன் மாதத்து அமெரிக்க ஓட்டக்காரரும் ஏறத்தாழ அதே பன்னிரண்டு மைல் இடைவெளியில் நின்ற பழைய நிலையங்களைக் கடந்துதான், தாம் எழுதாத, தாம் படிக்காத கடிதங்களை அடுத்தவர் கையில் ஒப்படைக்கிறார்.